பாடத்தில் ஒளிந்திருக்கும் துப்பு

துப்பறியும் கதைகளின் பொற்காலம் என்று சொல்லப்படும் காலத்தில், 1929இல், ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் அந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். அவரும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர்தான். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வாசகருக்கு அறிமுகமாகியிருக்க வேண்டும். யாரும் கேள்விப்படாத விஷம் எதுவும் வரக்கூடாது. இரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது. ஒரே உருவம் கொண்ட இருவர் வருவதென்றால் வாசகரை முன்பே அதற்குத் தயார் செய்திருக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்தி எதற்கும் கதையில் இடமில்லை என்கிறது இரண்டாவது கட்டளை. அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் போன்றவர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். தங்கள் துப்பறிவாளர்கள் தெய்வ வாக்கையோ தற்செயலையோ நம்பாமல் அறிவைக் கொண்டே குற்றத்தைக் கண்டுபிடிப்பார்கள் என்று அங்கே உறுதிமொழி எடுக்கும் வழக்கமும் இருந்தது. காரணம் எளிதாகப் புரியக்கூடியதுதான். மர்மக்கதை எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடக்கும் போட்டி. உள்ளே தாழிட்ட அறையில் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். இருநூறு பக்கம் நம்மை அலைக்கழித்துவிட்டு, கொலையாளி சுவரை ஊடுருவி வந்தான் என்று கடைசி அத்தியாயத்தில் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

இந்தக் கட்டளைப்படி பார்த்தால், மந்திரம் கற்றுத்தரும் பள்ளியில் நடக்கும் மர்மக்கதை என்ற ஒன்று பிறந்திருக்கவே கூடாது. ஆனால் 1997 ஜூன் 26 அன்று ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் கெட்டி அட்டையில் 500 பிரதிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்ட ஜே. கே. ரௌலிங்கின் முதல் நாவல் அப்படிப்பட்டதுதான். 2007இல் ஏழாம் நூலோடு நிறைவடைந்த ஹாரி பாட்டர் வரிசை உலகெங்கும் 60 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பறக்கும் துடைப்பம், பேசும் ஓவியம், ஆந்தைத் தபால் என்று மந்திரக் கதையாகவே அதை நினைவில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நூலையும் பிரித்துப் பார்த்தால் நடுவில் நிற்பது துப்பறியும் கதையின் எலும்புக்கூடு. கல்லைத் திருட முயல்வது யார்? இரகசிய அறையைத் திறந்தது யார்? போட்டிக் கிண்ணத்தில் ஹாரியின் பெயரைப் போட்டது யார்? முதல் ஆறு நூல்களில் பெரும்பாலானவை இப்படி ஒரு கேள்வியோடு பள்ளியாண்டைத் தொடங்கி, ஆண்டுத் தேர்வுக் காலத்தில் விடையோடு முடிகின்றன. அந்த வரிசை முடிந்தபின் ரௌலிங் ராபர்ட் கால்பிரைத் என்ற புனைபெயரில் 2013 முதல் எழுதத் தொடங்கியது நேரடியான துப்பறியும் நாவல்கள். அவருடைய கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. (இனி வரும் பத்திகளில் ஹாரி பாட்டர் நாவல்களின் முடிச்சுகளை அவிழ்த்தே பேச வேண்டியிருக்கிறது. வாசிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

நாக்ஸ் தடுத்ததை இந்த நாவல்கள் செய்தும் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணரவில்லையே, ஏன்? அதற்கான விடை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்பது என் வாதம். பழைய கோட்டை, நீண்ட மேசைகள், மெழுகுவர்த்தி ஒளி எல்லாம் கண்ணுக்கு அழகு. ஆனால் கதையின் கட்டுமானத்தில் பள்ளி செய்யும் வேலை வேறு. மந்திரத்தால் எது முடியும், எது முடியாது, எவ்வளவு நேரம் முடியும், அதற்கு என்ன விலை என்பதை யாராவது வாசகருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சாதாரணக் கதையில் அப்படிச் சொன்னால் அது துப்பு என்று உடனே தெரிந்துவிடும். வகுப்பறையில் சொன்னால் தெரியாது. பாடம் என்றாலே பாதி கவனத்தோடு கேட்பது மாணவருக்கும் வாசகருக்கும் பொதுவான பழக்கம். ஆகவே வகுப்பறை இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது: ஆட்டத்தின் விதியை நேர்மையாக அறிவிக்கிறது, அறிவித்ததை நாம் கவனிக்காமல் விடும்படியும் செய்கிறது.

இதற்கு மிகச் சிறந்த சான்று ஒருவரை இன்னொருவராக உருமாற்றும் பாலிஜூஸ் கஷாயம். இரண்டாம் நூலில்தான் அது முதலில் வருகிறது. கஷாயப் பாட ஆசிரியர் ஸ்னேப் சில வாரங்களுக்கு முன் வகுப்பில் அதைப் பற்றிச் சொன்னாரே என்கிறாள் ஹாரியின் தோழி ஹெர்மயனி. ஹாரிக்கும் அவன் நண்பன் ரானுக்கும் அப்படி ஒன்று சொல்லப்பட்டதே நினைவில் இல்லை. பிறகு அவர்கள் அதைக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சி முடிக்க ஒரு மாதம் ஆகிறது, யாராக மாற வேண்டுமோ அவருடைய உடலின் ஒரு துணுக்கு வேண்டும், பூம்ஸ்லாங் பாம்பின் தோல் வேண்டும், உருவம் ஒரு மணி நேரமே நிற்கும். இவ்வளவையும் வாசகர் ஒரு சமையல் குறிப்பைப் போலக் கற்றுக்கொள்கிறார். அங்கே அது வேடிக்கையான ஒரு கிளைக்கதை மட்டுமே. இரண்டு நூல்கள் கழித்து, நான்காம் நூலில், மேட்-ஐ மூடி என்ற புதிய ஆசிரியர் பள்ளிக்கு வருகிறார். இடுப்பில் எப்போதும் ஒரு சிறு குடுவை; அதிலிருந்து மட்டுமே அடிக்கடி குடிக்கிறார். யாராவது விஷம் வைத்துவிடுவார்கள் என்ற பயம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். ஸ்னேப்பின் சொந்த இருப்பிலிருந்து பூம்ஸ்லாங் தோல் களவு போகிறது. அவர் ஹாரியைக் குற்றம் சாட்டும்போது, அது இரண்டாம் ஆண்டில் ஹெர்மயனி செய்த பழைய களவைப் பற்றிய பேச்சு என்று ஹாரி எடுத்துக்கொள்கிறான். வாசகரும் அவனோடு சேர்ந்து அப்படியே தள்ளிவிடுகிறார். உண்மையில் அது புதிய களவு. மூடியின் உருவத்தில் ஆண்டு முழுக்கப் பாடம் நடத்தியவன் மந்திர அமைச்சக அதிகாரி பார்ட்டி கிரவுச்சின் மகன், சிறையில் இறந்துவிட்டதாக உலகம் நம்பிய குற்றவாளி. உண்மையான மூடி ஒரு பெட்டிக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறார்.

உருவம் ஒன்றாக உள்ள இருவர் வந்தால் வாசகரைத் தயார் செய்திருக்க வேண்டும் என்ற நாக்ஸின் கடைசிக் கட்டளையை இதைவிடக் கறாராக நிறைவேற்றிய நாவல்கள் மந்திரமில்லாத துப்பறியும் கதைகளிலும் அதிகம் இல்லை. வாசகருக்கு விதி தெரியும், கால அளவு தெரியும், மூலப்பொருள் தெரியும், அந்த மூலப்பொருள் காணாமல் போனதும் தெரியும். ஆனாலும் விடை தெரியாது. அந்தப் பொய் மூடியின் வகுப்புகளைத் திரும்பப் படித்தால் மயிர்க்கூச்செறியும். வதைக்கும் சாபத்தை ஒரு சிலந்தியின் மேல் ஏவிக் காட்டுகிறான். வகுப்பில் நெவில் என்ற மாணவன் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். நெவிலின் பெற்றோர் அதே சாபத்தால் மனநிலை சிதைந்தவர்கள் என்பதும், அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவன்தான் இப்போது பாடம் நடத்துகிறான் என்பதும் பின்னால் தெரியவருகிறது. வகுப்பு முடிந்ததும் நெவிலை ஆறுதலாக அழைத்துப்போய் நீர்த்தாவரங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைக் கொடுப்பதும் பரிவினால் இல்லை; ஏரிக்குள் மூச்சுவிட உதவும் தாவரத்தைப் பற்றி நெவில் வழியாக ஹாரிக்குத் தெரிய வேண்டும் என்பது திட்டம். பாடம், நடத்தும் ஆசிரியர், பரிசாகத் தரும் புத்தகம் என ஒவ்வொன்றும் தடயம்.

மூன்றாம் நூலில் இந்த உத்தி இன்னும் நுட்பமாக வருகிறது. விருப்பம்போல விலங்காக மாறத் தெரிந்தவர்களான அனிமேகஸ்களைப் பற்றிப் பேராசிரியர் மெக்கானகல் வகுப்பெடுக்கிறார். எல்லோர் கண்முன்னும் பூனையாக மாறிக் காட்டுகிறார். ஒருவரும் கைதட்டவில்லை. முந்தைய வகுப்பில் ஜோசிய ஆசிரியை ஹாரிக்குச் சாவு நெருங்குவதாகச் சொல்லிவிட்டதால் மாணவர்கள் அந்த அதிர்ச்சியிலேயே இருக்கிறார்கள். தன் உருமாற்றத்துக்கு எந்த வகுப்பிலும் இப்படி நடந்ததில்லை என்று மெக்கானகல் வியக்கிறார். மாணவர்களோடு நாமும் சாவுச் சகுனத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாவலின் முழு விடையும் அந்த வகுப்பில்தான் சொல்லப்பட்டது. ரானின் வயதான எலிக்கு முன்காலில் ஒரு விரல் இல்லை. இந்த வகை எலி மூன்று ஆண்டுக்கு மேல் வாழாது என்று கடைக்காரப் பெண்ணே சொல்கிறாள். அதுவோ பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்டதாகக் கருதப்பட்ட ஒருவரின் உடலில் மிஞ்சியது ஒரு விரல் மட்டுமே. கணக்குப் போடத் தேவையான எண்கள் எல்லாம் கொடுக்கப்பட்டுவிட்டன. அதே ஆண்டில் புதிய ஆசிரியர் லூபின் உடல்நலமில்லாத நாளில் அவருக்குப் பதிலாக வந்த ஸ்னேப், பாடத்திட்டத்தை மீறி ஓநாய் மனிதர்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறார். அந்த வீட்டுப்பாடத்தை ஒழுங்காக எழுதிய ஹெர்மயனிக்கு லூபின் யார் என்பது புரிந்துவிடுகிறது. எழுதாதவர்களுக்குப் புரியவில்லை.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் நூல்கள் முழுக்க இது இறைந்து கிடக்கிறது. தன் முதல் வகுப்பில் ஹாரியை அவமானப்படுத்த ஸ்னேப் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ஆட்டின் வயிற்றிலிருந்து எடுக்கும் பெசோவார் கல்லைப் பற்றியது. பெரும்பாலான விஷங்களுக்கு அது முறிவு. ஆறாம் நூலில் ரான் விஷமருந்திச் சாகக் கிடக்கும்போது அவனைக் காப்பாற்றுவது அந்தக் கல். எட்டு ஆண்டுகளுக்கு முன், 1997இல் அச்சான ஒரு வாக்கியம் 2005இல் ஒருவன் உயிரைக் காக்கிறது. இது வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.

பள்ளி என்ற இடத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. அது மூடிய வட்டம். பனியில் சிக்கிய ரயில், கடலுக்கு நடுவே தீவு என்று கிறிஸ்டி தேடிப்போன சூழலை விடுதிப்பள்ளி இயல்பாகவே தருகிறது. ஆனால் மந்திரவாதிகள் நினைத்த இடத்தில் தோன்றக்கூடிய உலகில் எந்த மதில் தடுக்கும்? பள்ளி எல்லைக்குள் அப்படித் தோன்றவும் மறையவும் முடியாது என்று ஹெர்மயனி பள்ளி வரலாற்றுப் புத்தகத்தைச் சுட்டி மறுபடி மறுபடி நினைவூட்டுகிறாள். அது நண்பர்களை அலுக்க வைக்கும் பழக்கமாகக் காட்டப்பட்டாலும் உண்மையில் ஆசிரியர் கதவைத் தாழிடும் வேலை. கோட்டையில் இரகசிய வழிகள் ஏராளம், நாக்ஸ் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். அதற்கும் ஒரு வரைபடம் தரப்படுகிறது. யார் எங்கே நிற்கிறார் என்று பெயரோடு காட்டும் வரைபடம், பொய் சொல்லாத வரைபடம். நான்காம் நூலில் நள்ளிரவில் ஸ்னேப்பின் அறையில் பார்ட்டிமியஸ் கிரவுச் நிற்பதாக அது காட்டுகிறது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். ஹாரி தந்தையை நினைக்கிறான். உண்மை எழுத்திலேயே கண்முன் இருக்கும்போது வாசகர் தானே வழிதவறும் இந்த இடம், எந்தத் துப்பறியும் எழுத்தாளரும் பொறாமைப்படக்கூடிய இடம்.

பள்ளிக்கதை ஆங்கிலத்தில் பழைய மரபு. தாமஸ் ஹியூஸ் தான் படித்த ரக்பி பள்ளியை வைத்து 1857இல் எழுதிய நாவலிலிருந்து, 1940களில் எனிட் பிளைட்டன் எழுதத் தொடங்கிய செயின்ட் கிளேர்ஸ், மாலரி டவர்ஸ் வரிசைகள் வரை அது நீள்கிறது. மந்திரப்பள்ளியும் ரௌலிங்குக்கு முன்பே உண்டு. உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலில் ரோக் தீவுப் பள்ளி வருகிறது. ஜில் மர்ஃபி 1974இல் தடுமாறும் ஒரு சூனியக்காரச் சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பினார். இவை மர்மக்கதைகள் அல்ல. லெ குவினின் பள்ளி மந்திரத்துக்கு எல்லை உண்டு, ஒவ்வொரு செயலும் உலகின் சமநிலையை அசைக்கும் என்று கற்பிக்கிறது. அந்தப் பாடம் அவர் கதையில் அறமாகிறது. ரௌலிங் அதே வகைப் பாடத்தைத் தடயமாக்கினார். இங்கே ஒருவர் குறுக்கிட்டு, டயானா வின் ஜோன்ஸ் 1982இல் எழுதிய ‘விட்ச் வீக்’ நாவலைக் காட்டலாம். சூனியக்காரர்களை எரித்துக் கொல்லும் ஒரு நாடு. அங்கே ஒரு விடுதிப்பள்ளி. இந்த வகுப்பில் ஒருவர் சூனியக்காரர் என்று பெயரில்லாத ஒரு துண்டுச்சீட்டு ஆசிரியர் கையில் கிடைக்கிறது. அருமையான மர்மக்கதை, ஆனால் அந்தப் பள்ளியில் மந்திரம் கற்பிக்கப்படுவதே இல்லை. அப்படியானால் என் வாதம் உடைகிறதா? இல்லை என்றே நினைக்கிறேன். அங்கே கேள்வி, மந்திரசக்தி யாரிடம் இருக்கிறது என்பது. மாணவர்களின் பயத்தையும் குணத்தையும் கவனித்தால் போதும். மந்திரத்தைக் கொண்டு ஒரு குற்றம் எப்படி நடந்தது என்று கேட்கும் கதைக்குத்தான் பாடம் தேவைப்படுகிறது.

பள்ளி இல்லாத இடத்திலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ராண்டல் காரெட் 1967இல் நூலாக வெளியிட்ட ‘டூ மெனி மெஜிஷியன்ஸ்’ மந்திரவாதிகளின் மாநாட்டில் நடக்கும் பூட்டிய அறைக் கொலையைப் பற்றியது. துப்பறிபவர் டார்ஸி பிரபு. அவர் பக்கத்தில் மாஸ்டர் ஷான் என்ற மந்திர நிபுணர் எப்போதும் நின்று, ஒப்புமை விதி, தொடுகை விதி என்று விளக்கிக்கொண்டே வருகிறார். அதாவது வகுப்பறை இல்லாத குறையைத் தீர்க்க, நடமாடும் ஆசிரியர் ஒருவரைக் காரெட் கதைக்குள் வைக்க வேண்டியிருந்தது. அறிவியல் புனைகதையும் இதே சந்தேகத்தைச் சந்தித்தது. அதில் மர்மக்கதை எழுத முடியாது என்று பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் கருதினார். விதிகளை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் முடியும் என்று 1954இல் ‘த கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவல் மூலம் ஐசக் அசிமோவ் நிரூபித்தார். தமிழில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இந்த எல்லைக்கோட்டின் மேல்தான் நடக்கிறது. ஆனால் நடப்பது பேயின் வேலையா, மனிதரின் வேலையா என்பதே கணேஷும் வசந்தும் அங்கே எதிர்கொள்ளும் கேள்வி. மந்திரப்பள்ளிக் கதையில் அந்தக் கேள்வி முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மந்திரம் உண்டு, அதன் கைக்கு எட்டாதது எது என்பதுதான் துப்பறிவாளர் அறிய வேண்டியது.

எதிர்வாதங்களில் வலுவானது இது: விதியைச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா, சொன்ன விதி அளவுக்கு மீறி வலிமையாக இருந்தால் கதையே குலைந்துவிடாதா? மூன்றாம் நூலில் ஹெர்மயனி காலத்தில் பின்னே செல்லும் கருவியைப் பயன்படுத்துகிறாள். அது கடைசியில் திடீரென வானத்திலிருந்து விழவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் குறித்திருந்த அவளுடைய விசித்திரமான கால அட்டவணை ஆண்டு முழுக்க நம் கண்முன் இருந்தது. அந்த நூலுக்குள் அது நேர்மையான விடை. ஆனால் அடுத்த நூல்களில் யார் செத்தாலும், பின்னே போய்க் காப்பாற்றலாமே என்று வாசகர் கேட்கிறார். ஐந்தாம் நூலில் அமைச்சகத்தில் இருந்த அந்தக் கருவிகள் எல்லாம் உடைந்து நொறுங்குவதாக ரௌலிங் எழுதியது, அந்தக் கேள்வியின் பலத்தை அவரும் அறிந்திருந்தார் என்பதையே காட்டுகிறது. உண்மை பேச வைக்கும் வெரிட்டாசெரமும் அப்படித்தான். மூன்று சொட்டில் எவரும் உண்மையைக் கக்குவார் என்றால் துப்பறிய என்ன இருக்கிறது? மாற்று மருந்து உண்டு, மனத்தை மூடிக்கொள்ளும் பயிற்சி உண்டு என்று பின்னால் வேலிகள் போடப்படுகின்றன. இவை ஒட்டுப்போட்ட இடங்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்தத் தவறு மந்திரத்தினால் நேர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பாடத்தின் எல்லையை அந்த வகுப்பிலேயே சொல்லாமல் விட்டதனால் நேர்ந்தது. பாலிஜூஸுக்கு ஒரு மணி நேரம் என்ற எல்லை முதல் நாளிலேயே சொல்லப்பட்டது. ஆகவே அது எத்தனை நூல்களில் திரும்ப வந்தாலும் கதையைக் கெடுக்கவில்லை.

இன்னொரு குறை சொல்வார்கள்: பிள்ளைகள் உண்மையில் எதையும் கண்டுபிடிப்பதில்லை, குற்றவாளியே வாய்திறந்து சொல்கிறான், அல்லது மருத்துவமனைக் கட்டிலருகே தலைமையாசிரியர் டம்பிள்டோர் உட்கார்ந்து விளக்குகிறார். இதில் பாதி சரி. முதல் நூலில் நிக்கலஸ் ஃபிளமேல் யார் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். வாரக்கணக்கில் நூலகத்தில் தேடிய பெயர், ரயிலில் மிட்டாயோடு வந்த அட்டையிலேயே அச்சாகியிருந்தது. இரண்டாம் நூலில் கல்லாய் உறைந்த ஹெர்மயனியின் கைக்குள் கசங்கிய நூலகப் பக்கம் விலங்கின் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஆள் யார் என்பதில் அவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். முதல் நூலில் ஸ்னேப்தான் திருடன் என்று உறுதியாக நம்பினார்கள். திருடன், திக்கித்திக்கிப் பேசும் பயந்த சுபாவமுள்ள ஆசிரியர் குவிரல். இந்தத் தோல்வியைத்தான் இளம் வாசகருக்கான கதையில் மிக முக்கியமானதாக நான் பார்க்கிறேன். பதின்பருவத்தில் ஒருவர் தன்னைச் சுற்றியுள்ள பெரியவர்களை முதன்முறையாக எடைபோடத் தொடங்குகிறார். பிடிக்காத ஆசிரியர் கெட்டவர், நம்மை மதிக்கும் ஆசிரியர் நல்லவர் என்பதே அந்த வயதின் எளிய தராசு. ரௌலிங் அந்தத் தராசை ஆண்டுதோறும் கவிழ்க்கிறார். கடுகடுப்பான ஸ்னேப் உயிரைக் காக்கிறார்; புகழ்பெற்ற ஆசிரியர் லாக்ஹார்ட் போலி; அன்பான லூபின் ஒரு பெரிய இரகசியத்தை மறைக்கிறார்; மாணவர்கள் வியந்து பேசிய பொய் மூடி கொலைகாரன். 2022இல் வெளியான ‘வெட்னஸ்டே’ தொடரிலும் நெவர்மோர் பள்ளியில் கனிவோடு பழகும் தாவரவியல் ஆசிரியைதான் சூத்திரதாரி. குற்றவாளி தொடக்கத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும் என்ற பழைய கட்டளை பள்ளியில் தானாக நிறைவேறிவிடுகிறது. ஆண்டின் முதல் நாளன்று மேடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் அத்தனை பேரும் சந்தேகத்துக்குரியவர்கள்.

பள்ளியிலிருந்து கதை வெளியேறினால் என்ன ஆகிறது என்பதற்கு ஏழாம் நூலே சோதனை. ஹாரியும் நண்பர்களும் அந்த ஆண்டு வகுப்புக்கே போவதில்லை. காட்டிலும் கூடாரத்திலும் அலைகிறார்கள். அந்த நூலில் இரண்டு பெரிய முடிச்சுகள் அவிழ்கின்றன. ஒன்று, வெல்ல முடியாத மந்திரக்கோல் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பது. கோல்தான் தன் மந்திரவாதியைத் தேர்ந்தெடுக்கிறது என்ற ஒரு சொல்லை முதல் நூலிலேயே கோல் வியாபாரி ஆலிவாண்டர் சொல்லியிருந்தார், உண்மை. ஆனால் கோலைப் பறித்தால் அதன் விசுவாசம் கைமாறும், கொல்லத் தேவையில்லை, பறித்தவரின் வேறொரு கோலை வென்றாலும் மாறும் என்ற நுணுக்கங்கள் எல்லாம் கடைசி நூலின் பிற்பகுதியில் அவசரமாக வந்து சேர்கின்றன. அதனால் இறுதி மோதலில் எதிரியைச் சுற்றி நடந்தபடியே ஹாரி அந்தச் சட்டத்தை விளக்க வேண்டியிருக்கிறது. பரீட்சை அறையில் பாடம் நடத்துவதுபோல் இருக்கும் அந்த இடத்தில் பல வாசகர்கள் தடுமாறியது நியாயம்தான்.

மற்றது ஸ்னேப்பின் முடிச்சு. அவர் யார் பக்கம் என்பதுதான் ஏழு நூல்களிலும் ஓடிய மிக நீண்ட மர்மம். அதற்கான விதிகளை நாம் பள்ளியில் இருந்தபோதே கற்றுவிட்டோம். மூன்றாம் நூலில் லூபின் ஹாரிக்குத் தனிவகுப்பு எடுத்து, காவல் உருவான பேட்ரோனஸை வரவழைக்கக் கற்பிக்கிறார். ஆளுக்கு ஆள் அது வேறு விலங்கு, ஆழமான மகிழ்ச்சியிலிருந்து பிறப்பது. ஹாரியுடையது ஆண் மான், அவன் தந்தை மாறிய அதே விலங்கு. ஆறாம் நூலில் டாங்ஸ் என்ற பெண்ணின் பேட்ரோனஸ் உருவம் மாறிவிடுகிறது. அப்படி மாறுமா என்று ஹாரி லூபினிடமே கேட்கிறான், மனத்தைப் புரட்டிப்போடும் பெரும் உணர்ச்சியால் மாறும் என்கிறார் அவர். மாறியதற்குக் காரணம் காதல் என்பதும் நூல் முடிவதற்குள் தெரிந்துவிடுகிறது. நினைவுகளை எடுத்து இன்னொருவருக்குக் காட்டும் கிண்ணமான பென்சீவ் நான்காம் நூலிலிருந்தே பழக்கம். ஏழாம் நூலில் பனிக்காட்டில் ஒரு பெண் மான் ஒளிர்ந்து வந்து ஹாரியை ஒரு வாளிடம் அழைத்துச் செல்லும்போது, அது யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. சாகும் தறுவாயில் ஸ்னேப் கொடுத்த நினைவுகளில், டம்பிள்டோரின் அறையில் அதே பெண் மான் அவருடைய கோலிலிருந்து பாய்கிறது. ஹாரியின் தாயை அவர் எத்தனை ஆண்டுகள் நேசித்தார், எதற்காக இத்தனை காலம் உளவு பார்த்தார் என்பதை அங்கே யாரும் விளக்கி உரை நிகழ்த்தவில்லை. டம்பிள்டோர் கேட்கும் ஒரு வரிக் கேள்விக்கு ஸ்னேப் ஒரே ஒரு சொல்லில் விடை சொல்கிறார். நான்கு நூல்களுக்கு முன் லூபின் எடுத்த வகுப்பைக் கவனித்த வாசகருக்கு அந்த ஒரு சொல்லும் தேவைப்பட்டிருக்காது.